கண்டெய்னருக்குள் செல்லோ

எங்கும் வெட்டாமல், ஒரே மூச்சில் வாசித்து எடுத்த வீடியோவை இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்று ஜானட் அக்கா வேலைக்கு விண்ணப்பித்திருந்த வெளிநாட்டு இசைக்குழு சொல்லியிருந்தது. காலடிப்பேட்டையில் அது நடக்காத காரியம். தேர்தல் பிரச்சாரத்தின் கடைசி நாள். எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ. சர்ச்சில் கேட்டோம், அங்கே கல்யாணம்.

ஜானட் அக்கா எங்கள் எதிர் வீடு. செல்லோ வாசிப்பவள். வயலின் மாதிரிதான், ஆனால் ஆள் உயரம். உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். சினிமாவில் அவள் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ஒரு கட்சியின் விழாவில் வாசித்தாள் என்று மறு கட்சிக்காரர் தன் மகன் கல்யாண வரவேற்புக்கு வேண்டாம் என்றுவிட்டார். வளைகுடாவில் கிடைத்த ஒப்பந்தம் அங்கே சண்டை தொடங்கியதும் நின்றது. மிச்சம் இந்த ஒன்றுதான்.

நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டுக்கு அழைத்துப் போனேன். இறால் ஏற்றும் குளிர்பெட்டிகளின் சுவர் நல்ல கனம். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வராது.

அக்கா தூக்கி வந்த நீள உறையைப் பார்த்து சூப்பர்வைசர் சௌக்கத் அலி வழிமறித்தார். "இன்னாடா இது, பொணமா?"

"செல்லோ, பாய். வாசிக்கிறது."

"இம்மாம் பெருசா? இத தூக்கினு ஷேர் ஆட்டோல எப்டிமா வர்றே?"

"இதுக்கும் சேத்து ரெண்டு சீட்டு காசு வாங்கிக்கிறான் பாய்," என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். "சரி, போ. இந்தக் கண்டெய்னர ஏத்த டிரைலர் லாரி வந்துகினு கீது. ஒரு தபாதான். ரெண்டாவது தபா கேட்டேன்னா பேஜாராயிடும்."

உள்ளே இறால் நாற்றம், குளிர் மெஷின் ஓடாததால் புழுக்கம். ஒரு எமர்ஜென்சி விளக்கு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. போனை நான் பிடித்துக்கொண்டேன். அக்கா கண்ணை மூடித் திறந்து, வில்லை வைத்து இழுத்தாள்.

சத்தம் காதுக்கு வரும் முன் தரை வழியாகக் காலுக்கு வந்தது. எனக்கு இசை தெரியாது, பெரிதாகப் பிடித்ததும் இல்லை. ஆனால் கையில் முடி எழுந்து நின்றது. எதிர் வீட்டில் துணி காயப்போடும் பெண்ணிடம் இவ்வளவு பெரிய ஒன்று இருந்திருக்கிறது என்பது பயமாகக்கூட இருந்தது.

பாதியில் கம்பி அறுந்தது.

நான்கில் மெல்லிய கம்பி. பாட்டு அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. டாலர் ஏறியதால் புதுக்கம்பி வாங்குவதை அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அது துள்ளி அவள் கன்னத்தில் சிவப்பாய் ஒரு கோடு இழுத்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

வில் நிற்கவில்லை. அக்காவின் இடது கை செல்லோவின் கழுத்தைவிட்டுக் கீழே சரிந்தது. அடுத்த தடித்த கம்பியில், வில்லுக்கு வெகு அருகில் போய், கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினாள். அறுந்த கம்பியில் வந்துகொண்டிருந்த அதே பாட்டு, அதே உயரத்தில் தொடர்ந்தது. கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். அந்த விரல்கள் போக வேண்டிய இடத்தை யாரிடமும் கேட்கவில்லை, தேடவும் இல்லை. கடைசி இழுப்பு வரை மூன்று கம்பிகளிலேயே வாசித்து முடித்தாள்.

கதவைத் திறந்தேன். டிரைலர் நின்றுகொண்டிருந்தது.

"இன்னாமா, ஆரமிக்கவே இல்லியா? ஒரு சத்தமும் வரலியே," என்றார் பாய்.

அக்கா வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். கம்பி அறுந்த இடத்தில் படம் ஒரு குலுங்கு குலுங்கியது. அவள் வில் ஆடவில்லை. ஆடியது என் கை.

"அக்கா, பெரம்பூர்ல உன் ஃபிரண்டு யார்கிட்டயாவது கம்பி வாங்கியாரவா? பாய் கால்ல வுழுந்து வேற பெட்டி கேக்கலாம். நான் கெடுத்துட்டேன்."

அவள் கன்னத்தை முந்தானையால் துடைத்தாள்.

"போடா லூசு. இன்னொரு தபா என்னாலயே இப்டி வாசிக்க முடியாது," என்று சொல்லி, அனுப்பு என்பதை அழுத்தினாள்.