ஜீப்பை உயர்த்தியவள்

1

இது கதையாக இருந்திருக்க வேண்டியதே இல்லை. கரடுமுரடான பாதையில் ஓடும் ஜீப்பின் சஸ்பென்ஷனை உயர்த்தினால் மைலேஜ் ஏன் குறைகிறது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார், வாகன இதழ் ஒன்றின் ஆசிரியர். உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது வரியில் ஒரு பெண் வந்து ஏறிக்கொண்டாள். இறக்கிவிடப் பார்த்தேன், இறங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘பனி விலகிய ஒரு காலையில் அவள்—’ வேண்டாம். எத்தனை கதைகளில்தான் பனி விலகும்.

இரண்டாவது: ‘தனிமை என்பது—’ இதுவும் வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் பல் மருத்துவர். நாள் முழுக்க எதிரே இருப்பவர்கள் வாயைத் திறந்துகொண்டிருப்பார்கள், ஒரு வார்த்தை பேச முடியாது. வீட்டுக்குப் போனால் பேச ஆளே கிடையாது. மிச்சமிருக்கும் ஒரே சொந்தம் அண்ணன். மலையுச்சியில் செல்போன் கோபுரம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறான். அம்மா போன பிறகு மேலே ஏறியவன், இறங்கி வரவேயில்லை.

“நான் அங்க வரட்டுமாண்ணே?” என்று போனில் கேட்பாள்.

“வாயேன், யாரு வேணாம்னா? வழியில பாறை கெடக்கு. உன் ஜீப்புக்கு அடி தட்டும். தாண்டாது.”

வருஷக்கணக்காக இதே பதில். (பொய்யா என்று கேட்காதீர்கள். பாறை இருந்தது உண்மை.)

3

ஒருநாள் அவள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“பாறை தட்டக் கூடாது. எவ்வளவு உசத்தணுமோ உசத்துங்க.”

“உசத்திடலாம் மேடம். ஆனா டீசலைக் குடிச்சுத் தள்ளும், பின்னாடி என்னைத் திட்டக் கூடாது.”

“ஏன் குடிக்குது?”

“உசரமா நின்னா காத்து முட்டும்ல, அதைத் தள்ளிக்கிட்டே போகணும். பெரிய டயர் வேற, கனம். உருட்டுறதுக்குள்ள எஞ்சினுக்கு மூச்சு வாங்கிடும். தூரமாப் போனா ஒரு கேன் டீசல் கையில வெச்சுக்குங்க.”

[கட்டுரைக்கு எழுதியது, அடிக்க மனமில்லை: பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போய்விடும். மீட்டருக்கு அது தெரியாது, ஓடிய தூரத்தைக் குறைத்துத்தான் காட்டும். மைலேஜ் விழுந்ததில் கொஞ்சம் மீட்டரின் பொய்.]

4

அவள் கிளம்பினாள். கடைசி பங்க்கில் டாங்கை நிரப்பினாள். அதற்கப்புறம் காடுதான். உயர்த்தாத வண்டி என்றால் அந்த டாங்க் போகவும் வரவும் தாராளமாகப் போதும். இப்போது ஏறுவதற்குள்ளேயே முள் சரசரவென்று இறங்கியது.

கேனை வீட்டிலேயே மறந்துவிட்டாள் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. வாங்கிய கேனை வாசற்படியிலேயே வைத்துவிட்டு, ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தாள். திரும்பி வரவே முடியாமல் போனால் அண்ணனால் அவளை எப்படி அனுப்பிவிட முடியும்?

பாறை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். தட்டவில்லை.

5

சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது. முதலில் வண்டியைப் பார்த்தான், அப்புறம்தான் தங்கையை.

“எப்படி வந்தே?”

“வண்டிய உசத்திட்டேன்.”

“பாறை?”

“தட்டலண்ணே.”

இத்தனை வருஷம் சொல்லி வந்த காரணம் கையைவிட்டுப் போய்விட்டது. டயரைக் காலால் தட்டினான். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

“ரொம்பக் குடிக்குமே. திரும்பிப் போக டீசல் இருக்கா?”

“இல்ல.”

உள்ளே போனான். அறையில் ஒற்றைக் கட்டில், ஒற்றை நாற்காலி, கவிழ்த்து வைத்த ஒற்றைத் தம்ளர். வெளியே நின்றபடியே அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். ஜெனரேட்டருக்கு வைத்திருந்த கேனைத் தூக்கி வந்தான். அது தீர்ந்தால் அவனுக்குத்தான் இருட்டு. டாங்க் மூடியைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தான்.

தங்கை வழியில் தவிக்கக் கூடாதே என்ற பதைப்பா, சீக்கிரம் அனுப்பிவிட வேண்டுமென்ற அவசரமா? அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை.

“போதும்ணே. பாதி போதும்.”

“பாதிய வெச்சு பங்க் வரைக்கும்கூடப் போய்ச் சேரமாட்டே.”

“தெரியும்ணே.”

6

ஒரு முடிவில் அவன் கேனைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போடுகிறான். இன்னொன்றில் கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு, “இருட்டுறதுக்குள்ள கெளம்பு” என்கிறான். இரண்டையும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். முதலாவது என் ஆசை. இரண்டாவது என் பயம். அவர்கள் என்ன செய்வார்கள் என்பது இரண்டிலும் இல்லை.

எதை எழுதினாலும் கதை முடிந்துவிடும். அவர்கள் போய்விடுவார்கள். இந்த மேஜை விளக்கடியில் நான் மட்டும்—

சரி, அதை விடுங்கள். அங்கே கேன் இன்னும் சாய்ந்தபடிதான் இருக்கிறது. அண்ணன் இன்னொரு கையையும் கொடுத்துப் பிடிக்கிறான். கேன் கனக்கிறதோ என்னவோ. நான் இத்தோடு எழுந்துகொள்கிறேன். நீங்கள் கொஞ்சம் வந்து பிடியுங்கள். நிமிர்த்துவீர்களோ, சாய்ப்பீர்களோ, உங்கள் பாடு.