கைலாசநாதன் போட்ட உத்தரவு

தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற கைலாசநாதன், மைசூருக்கு வெளியே காவிரிக் கரையில் மனை வாங்கி வீடு கட்டினார். ஆற்றுக் காற்றில் மனைவி அன்னபூர்ணிக்கு மூச்சிரைப்புகூடக் குறைந்திருந்தது. மூன்றாம் வருஷம் நோட்டீஸ் வந்தது. வீடு ஆற்றுப் புறம்போக்கில் இருக்கிறதாம். காலி செய்ய வேண்டுமாம்.

அதில் போட்டிருந்த பழைய சர்வே எண் அவருக்குத் தெரிந்த எண். 2006இல் அதே எண்ணிலிருந்து முப்பது குடிசைகளை அப்புறப்படுத்தி உத்தரவு போட்டவர் அவரேதான். நேரில் போய்ப் பார்க்கவில்லை. கோப்பிலேயே எல்லாம் தெளிவாக இருந்தது. பிற்பாடு ஜடையன் என்பவன் அந்த இடத்தைத் துண்டு போட்டு, புது எண்களும் இங்கிலீஷ் பெயரும் வைத்து, பரம்பரைச் சொத்து என்று விற்றிருக்கிறான். ஊரார் பத்திரங்களையெல்லாம் துருவித் துருவிப் பார்த்தவர், தன் பத்திரத்தை ஒருமுறைக்கு மேல் படிக்கவில்லை.

கோர்ட்டுக்குப் போனார். வக்கீல் ஸ்ரீதேவி ஒரு வழி சொன்னாள். குடிசைக்காரர்கள் ஜடையனின் அப்பாவுக்கு வாடகை கொடுத்து வந்தார்கள் என்று யாராவது சாட்சி சொன்னால், நிலம் தனியார் கையில் இருந்ததாக வாதாடலாம். அன்று குடிசைக்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள். செல்லாது என்று தள்ளியவர் கைலாசநாதன்.

குடிசைக்காரர்கள் சார்பில் அப்போது முன்னால் நின்று பேசியவள் கொள்ளேகால் பக்கத்து மாதேவி. தேவராஜ மார்க்கெட்டில் வாழையிலை விற்றுக்கொண்டிருந்தவளைத் தேடிப் பிடித்தார். இரண்டு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று போனவருக்கு, அவள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டதுதான் தாங்கவில்லை. நடந்ததைச் சொல்வதற்கு என்ன, வருகிறேன் என்றாள்.

வந்தாள். கூண்டில் ஏறி, ஆமாம், மாசாமாசம் வாடகை கொடுத்தோம் என்றாள். கைலாசநாதனுக்கு உயிர் வந்தது. அரசு வக்கீல் எழுந்து, அப்படியானால் நிலம் யாருடையது என்று கேட்டார். மாதேவி கைலாசநாதன் பக்கம் மரியாதையோடு கை காட்டினாள். தனக்குப் படிப்பு இல்லை, இந்த சார்தான் மேஜையில் சர்வே படத்தை விரித்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், யாருக்கு வாடகை கொடுத்தாலும் ஆற்று நிலம் ஆற்றுக்குத்தான் சொந்தம் என்று புரியவைத்தார், அதற்குப் பிறகு தனக்குச் சந்தேகமே வந்ததில்லை என்றாள்.

அரசு வக்கீல் அந்தப் பழைய உத்தரவை நீட்டினார். நீதிபதி முழுக்கப் படித்துவிட்டு, இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டதைத் தான் பார்த்ததில்லை, இதில் சேர்க்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்றார். கைலாசநாதனின் முதுகு தன்னையறியாமல் நிமிர்ந்தது. ஸ்ரீதேவி திரும்பிப் பார்த்ததும் குனிந்துகொண்டார். வழக்கு தள்ளுபடியானது. காலி செய்ய ஏழு நாள்.

வராந்தாவில் மாதேவி காத்திருந்தாள்.

"ஏம்மா, வாடகை கொடுத்தோம்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாமே?"

"அவரு கேட்டாருங்க சார். நீங்க சொன்னதத்தானுங்க சொன்னேன். தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?"

தப்பில்லை என்றார் கைலாசநாதன்.

மேல்முறையீட்டுக்கு, அந்த 2006 உத்தரவு தவறு என்று முதலில் காட்ட வேண்டும் என்றாள் ஸ்ரீதேவி. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். ஒரு வரியிலும் கை வைக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலை, ஒரு லக்கேஜ் ஆட்டோ வந்து நின்றது. மாதேவியும் இரண்டு பெண்களும் சுத்தி, கடப்பாரையோடு இறங்கினார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அன்னபூர்ணி ஒன்றும் புரியாமல் கணவரைப் பார்த்தாள்.

"இடிக்கிற மிசினு வந்துச்சுன்னா கதவு, சன்னலு ஒண்ணும் மிஞ்சாதுங்கம்மா. அதை மொதல்ல கழட்டிக்கோணும். அன்னிக்கு எங்களுக்கு அது தெரியாமப் போச்சு."

தேக்குக் கதவு கனமாக இருந்தது. மாதேவி ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். கைலாசநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தார்.