திரும்பி வரும் தூரம்

என் கணவருக்கு நீச்சல் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாற்பது நாள் கரையில் துண்டோடு உட்கார்ந்து பார்த்தவள் நான். நீச்சல் குளத்தின் நீளம் இருபத்தைந்து மீட்டர். அவர் பதினெட்டு மீட்டர் போவார், இதற்கு மேல் முடியாது என்று முடிவு கட்டுவார், திரும்பிப் பதினெட்டு மீட்டர் நீந்தி வந்து என் காலடியில் மூச்சு வாங்குவார். இருபத்தைந்து முடியாது என்று நிரூபிக்க மனிதர் தினமும் முப்பத்தாறு நீந்தினார். நீச்சல் கோச் அவருக்கு ‘முக்கால் சார்’ என்று பெயரே வைத்துவிட்டார்.

நானும் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன்.

“முன்னாடி போனா ஏழு மீட்டருங்க. திரும்பி வந்தா பதினெட்டு. எது கிட்ட?”

“திரும்பி வர்றது வேறம்மா. அது நம்ம பக்கம்.”

இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பது அவர் வேலை. பதினோரு வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓட்டை வழியாக நீளும் கைகளையே பார்த்தவர். படகில் ஏறி வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்கு இருபத்தைந்து மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும். நாற்பது வயது ஆகிவிட்டால் விண்ணப்பிக்க முடியாது. அவருக்கு முப்பத்தொன்பது முடியப் போகிறது.

இதில் ஒரு கூத்து. தேர்வில் தோற்றால் அது பணிப் பதிவேட்டில் ஏறும். முன்கூட்டியே விலகிக்கொண்டால் ஏறாது. எங்கள் முன்ஜாக்கிரதை முத்தண்ணா விண்ணப்பம் போட்ட அன்றே விலகல் கடிதத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, என் தையல் மெஷின் டிராயரில் வைத்துவிட்டார். விலகுவதற்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் சொன்னார்:

“நாளைக்கு நீயே ஆபீஸ்ல கொண்டு போய்க் குடுத்துடு. எனக்கு வெக்கமா இருக்கு.”

இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. விடிகாலையில் எழுந்து துண்டு சுமந்து எனக்கும் அலுத்துவிட்டது, அதுதான் உண்மை. மறுநாள் பழக்க தோஷத்தில் அவர் குளத்துக்குக் கிளம்பினார். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பத்து மணிக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனேன்.

குமாஸ்தா அதை வாங்கி ட்ரேயில் போட்டார்.

“அஞ்சு மணிக்குத்தாம்மா மேல போகும். அதுக்குள்ள மனசு மாறினா வந்து எடுத்துக்கலாம்.”

“அப்படி யாராவது வந்திருக்காங்களா?”

“இதுவரைக்கும் இல்ல.”

மூன்றரை மணிக்கு அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

“தொட்டுட்டேன்!”

“எதை?”

“அந்தப் பக்கத்துச் சுவரை! வழக்கம்போல நடுவுல திரும்பிப் பார்த்தேன். நீ இல்ல, துண்டும் இல்ல. திரும்பி வந்து என்ன பண்றதுன்னு முன்னாடியே போயிட்டேன். உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு போன்கூடப் பண்ணல. ஆமா, அந்த லெட்டரைக் குடுத்துடலையே?”

“இல்லீங்க,” என்றேன். வாய் கூசாமல் வந்தது பொய். “நூல் தீர்ந்துடுச்சு, வாங்கிட்டு வந்துடறேன்.”

தெருமுனையில் நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நாலு தரம் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை, வைத்துவிட்டேன். ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தேன். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நின்ற பஸ் நின்றதுதான். முன்னால் கண்ணுக்கெட்டியவரை வண்டிகள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொட்டாவி விட்டார். மணி நாலு முப்பத்தைந்து. இன்னும் இரண்டு ஸ்டாப்.

இறங்கினேன். நடந்தால் போய்ச் சேர்வேனா? சேர்ந்தாலும் கடிதம் ட்ரேயில் இருக்குமா? இருந்தாலும் கையெழுத்துப் போட்டவரே வரவேண்டும் என்பாரோ? இப்படி யோசித்துக்கொண்டு நின்றபோது எதிர்ப்பக்கம் எங்கள் பகுதிக்குப் போகும் பஸ் வந்தது. காலியாக இருந்தது. ஜன்னல் சீட். சாலையைக் கடந்து ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

தையல் மெஷின் டிராயர் திறந்து கிடந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“குடுத்துட்டியா?”

“திருப்பி வாங்கத்தாங்க போனேன்.”

“எதுவரைக்கும் போன?”

“ஆஸ்பத்திரி ஸ்டாப்.”

“எத்தனை மணிக்கு?”

சொன்னேன். அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது.

“அங்கேருந்து ஆபீஸ் நடந்தா பத்து நிமிஷம்,” என்றார்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“உக்காரு,” என்றார். “மூச்சு வாங்கிக்க.”