மமதா வரட்டும்

"மூடிடலாமா அண்ணி?" சவப்பெட்டியின் மூடியில் கைவைத்தபடி கேட்டார் ஆண்ட்ரூ.

"மமதா வரட்டும்" என்றாள் ஜூடித்.

காக்ஸ் டவுன் வீட்டின் முன்னறையில் சலசலப்பு எழுந்தது. சர்ச்சுக்குள் பாஸ்டர் காத்திருந்தார். வெளியே மழை மேகம் கட்டியிருந்தது.

"சொந்தக்காரங்க எல்லாம் வந்தாச்சு. ஒரு ஸ்டூடன்ட்டுக்காக அண்ணனைக் காக்க வைக்கணுமா?"

"உங்கண்ணன் ஸ்டூடன்ட்டுக்காகக் காத்திருக்காத நாள் ஏது?"

ஆண்ட்ரூ முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர் ஓஸ்வால்ட் நேற்றுக் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் ஆபரேஷனை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த மனிதர். "ஏழைக்குத்தான் இது வேணும் ஜூடி. பணக்காரன் மாசக்கணக்கா படுத்துக் கிடக்கலாம். கூலிக்காரி படுத்தா வீட்ல அடுப்பு எரியாது" என்பார்.

நேபாளத்திலிருந்தும் ஜாம்பியாவிலிருந்தும்கூட அவரிடம் கற்க டாக்டர்கள் வந்தார்கள். விலை உயர்ந்த பயிற்சிக் கருவிகள் அவர்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஏது? அதனால் ஓஸ்வால்ட் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துத் துளை போட்டார். உள்ளே மலிவான கேமரா. பழைய டி.வி.யைப் பார்த்தபடி, நீண்ட இடுக்கிகளால் பெட்டிக்குள் கிடக்கும் திராட்சையின் தோலை, சதை நசுங்காமல் உரிக்க வேண்டும். அந்த வருடங்களில் வீட்டில் யாரும் தோலோடு திராட்சை தின்றதேயில்லை.

ராய்ச்சூர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சிக்கு வந்த மமதாதான் கடைசி மாணவி. இன்று காலை ஜூடித்துக்குப் போன் செய்து அழுதாள். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குப் பித்தப்பையில் கல். ஓஸ்வால்ட் பக்கத்தில் நிற்க, மமதா முதல்முறையாகத் தானே செய்வதாக இருந்த ஆபரேஷன். தள்ளிப்போடட்டுமா என்று கேட்டாள்.

"பேஷன்ட் எப்படி இருக்கா?"

"திரும்பத் திரும்ப வலி வருது ஆண்ட்டி. பட்டினியா ரெடியா இருக்காங்க. சர்ஜன் சீனிவாசராகவன் சார் கூட நிக்கிறேன்னாரு. கஷ்டமானா அவர் வயித்தைத் திறந்து முடிச்சிடுவாராம்."

"உன்னால முடியுமா?"

"முடியும் ஆண்ட்டி."

"அப்போ முடிச்சிட்டு வா. நாங்க காத்திருக்கோம்."

சொல்லிவிட்டாளே தவிர, காலையிலிருந்து ஜூடித்தின் காது வாசலிலேயே இருந்தது.

கேட்டருகே ஆட்டோ வந்து நின்றது. மமதா ஓடிவந்தாள். ஆபரேஷன் தியேட்டர் தொப்பியின் எலாஸ்டிக் தடம் நெற்றியில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"ஓப்பன் மாட்லில்ல ஆண்ட்டி" என்றாள் கன்னடத்தில். மூச்சு வாங்கிக்கொண்டு தமிழுக்கு வந்தாள். "திறக்கவே இல்ல. தொளை வழியாவே முடிச்சிட்டேன். கண்ணு முழிச்சு, எப்போ வேலைக்குப் போகலாம்னு கேக்கறாங்க."

ஜூடித் அவள் கன்னத்தை இரு கைகளாலும் பிடித்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, மகள் பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்லும் தாயைப்போல, குரலை உயர்த்திச் சொன்னாள்: "அவர் பக்கத்துல இல்லாம இவ பண்ண முதல் கேஸ்!"

மமதா பெட்டியருகே மண்டியிட்டு ஓஸ்வால்டின் விரல்களைத் தொட்டாள். அவள் எழுந்த பிறகு மூடினார்கள். தூக்குவதற்கு ஆண்கள் நெருங்கினார்கள்.

"முன்னாடி, ஒரு பக்கம் மமதா பிடிக்கட்டும்" என்றாள் ஜூடித்.

"பொம்பளைப் புள்ளையா அண்ணி?"

ஜூடித் மமதாவின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

மமதா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தாள். குள்ளமான பெண். பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் பிடித்திருந்த ஆண்ட்ரூ அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முழங்காலை மடக்கி, தன் தோளை அவள் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.

தூறல் விழத் தொடங்கியது. தெருவில் நின்ற சர்ச் வண்டிவரைக்கும் அவர் நிமிரவே இல்லை.