வெள்ளிக்கிழமைக்குப் பழுக்க வேண்டும்

கடையில் பழங்கள் அடுக்கியிருந்த மேடைக்கு முன்னால் ஆம்ப்ரோஸ் பத்து நிமிடமாக நின்றுகொண்டிருந்தார். அன்று புதன்கிழமை. அவருக்கு வேண்டியது, வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குச் சரியாகப் பழுத்திருக்கும் ஒரு பப்பாளி. முப்பத்தொரு வருஷம் டெலிபோன் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்த்தவர். அளவு பார்க்கும் கேஜுக்குள் நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட். மயிரிழை பிசகினாலும் ஒரு ட்ரே முழுவதையும் திருப்பி அனுப்பியவர். பப்பாளிக்கு மட்டும் யாரும் கேஜ் செய்து வைக்கவில்லை.

அவர் மனைவி மௌரீன் வாய் வழியாகச் சாப்பிட்டு அன்றோடு நாற்பது நாள் ஆகியிருந்தது. ஸ்ட்ரோக் வந்ததில் வலது கையும் பேச்சும் போயின, கூடவே விழுங்குவதும் போயிற்று. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சியும் மாத்திரைத் தூளும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. விழுங்கப் பழக்குவதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு தெரபிஸ்ட் இருந்தாள். மமதா என்று பெயர், சின்ன வயது, கன்னடம் கலந்த தமிழில் அளந்துதான் பேசுவாள். "வெள்ளிக்கிழம டெஸ்ட் வெச்சுக்கலாம் சார். பப்பாளி கொண்டு வாங்க. கொழகொழன்னு இருக்கணும். கடைல கட் பண்ணி வெச்சிருப்பாங்களே, அது மட்டும் பேடா, இன்ஃபெக்ஷன் ஆகும்" என்று சொல்லியிருந்தாள். மூன்று கரண்டி ஒழுங்காக இறங்கினால் மெல்ல மெல்ல மூக்குக் குழாயை எடுத்துவிடலாம். இறங்காவிட்டால் திங்கட்கிழமை வயிற்றில் துளை போட்டு வேறு குழாய். அதற்கான படிவம் ஏற்கெனவே ஃபைலில் இருந்தது. ஆம்ப்ரோஸ் அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

வேலைப் பிரிவினை என்று பார்த்தால் அந்த வீட்டில் தகராறே கிடையாது. கடையில் மௌரீன் பொறுக்குவாள், ஆம்ப்ரோஸ் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்வார். காய்ச்சல் தலைவலி என்று எப்போதாவது அவரைத் தனியாகக் கடைக்கு அனுப்பியதுண்டு. திரும்பி வந்ததும் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பாள். முற்றின வெண்டைக்காயும் உள்ளே வெடித்த தக்காளியும் வரிசையாக வரும். திட்டுகிற ரகம் இல்லை அவள். கீழுதட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளுவாள், அவ்வளவுதான். அந்த உதட்டுக்குப் பயந்தே அவர் தனியாகக் கடைக்குப் போவதைத் தவிர்த்து வந்தார்.

"எப்ப சாப்பிடறதுக்கு சார்?"

பழங்கள் பக்கம் வேலை பார்க்கும் தமயந்தி கேட்டாள். கே.ஜி.எஃப்பிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். பச்சை ஏப்ரன், கையில் கெட்டுப்போன பழங்களைப் போடும் கூடை.

"நா பாத்துக்கறேம்மா" என்றார் ஆம்ப்ரோஸ். தன் மனைவியின் முதல் வாய்ச் சோற்றை இன்னொருவரிடம் கேட்டு வாங்குவது அவருக்கு ஒப்பவில்லை. கடைசியில், ஒரு பக்கம்கூடப் பச்சை இல்லாமல் உச்சி முதல் அடி வரை ஒரே மஞ்சளாக, கீறல் இல்லாமல், பொட்டு இல்லாமல் இருந்ததை எடுத்தார். இன்ஸ்பெக்ஷனில் வைத்தால் அது நிச்சயம் பாஸ். தமயந்தி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் அதை நியூஸ்பேப்பரில் சுற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை வெட்டினபோது உள்ளே கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருந்தது. சில ஜாதி அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கரண்டியால் மசியவில்லை, மிக்ஸியில் போட்டு அடித்தார். மிக்ஸியில் அடித்துவிட்டால் எல்லாப் பப்பாளியும் ஒன்றுதான். ருசி பார்க்கலாம் என்று விரலில் எடுத்தவர், நாற்பத்திரண்டு நாளுக்குப் பிறகு வருகிற முதல் வாய் அவளுடையதாக இருக்கட்டும் என்று விரலைத் துடைத்துவிட்டார். டப்பாவை மூடும்போது மனசு நிறைவாக இருந்தது.

பதினொன்றரைக்கு மமதா கட்டிலை நிமிர்த்தி, மௌரீனின் முகவாயைக் கொஞ்சம் கீழே இறக்கிவைத்து, இரண்டு விரல்களைத் தொண்டைமேல் வைத்தாள். கரண்டி உள்ளே போனது. மௌரீன் வாயை மூடினாள். ஆம்ப்ரோஸ் ஜெபம் எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை. மூன்று விநாடி, நான்கு விநாடி. பிறகு நாக்கு வெளியே வந்தது. மஞ்சள் கூழ் முழுவதும் உதட்டில் வழிந்து கழுத்தில் கட்டியிருந்த துணியில் விழுந்தது. இரண்டாவது கரண்டியும் அப்படியே. மூன்றாவதற்கு அவள் வாயையே திறக்கவில்லை.

"இருமல் வரல, அது ஒள்ளேது, நல்லதுதான்" என்றாள் மமதா, கையுறையைக் கழற்றியபடி. "ஆனா உள்ள தள்ளல சார். வெளிய தள்றாங்க. கன்ட்ரோல் இன்னும் வரல. டாக்டர்கிட்ட சொல்லிடறேன், திங்கட்கிழமையே ப்ரொசீஜர் செஞ்சிடலாம்."

ஆம்ப்ரோஸ் சரி என்று தலையாட்டினார். மௌரீனின் வாயைத் துடைக்கத் துணியை எடுத்தபோதுதான் பார்த்தார். ஸ்ட்ரோக்கில் தொங்கிப்போன வலது பாதி உதடு அப்படியே கிடக்க, இடது பாதி மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. துணியைக் கீழே வைத்துவிட்டு டப்பாவில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். இனிப்பே இல்லை. தண்ணீராக இருந்தது, அடிநாக்கில் ஒரு கசப்பு நின்றது.

"மேடம், ஒரு நிமிஷம். அவ துப்பல மேடம். ரிஜெக்ட் பண்ணிட்டா."

மமதா கதவருகில் நின்றாள். "சார், எல்லார் வீட்லயும் இப்படி ஏதாவது சொல்வாங்க."

"காய் மேடம் இது. நா வாங்கினது காய். வேற பழம் கொண்டு வரேன். ஒரே ஒருக்கா."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணிக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும், அதுவரை மாடி வார்டில் இருப்பேன், அதற்குள் என்றால் பார்க்கலாம் என்றாள். இரக்கம் என்று சொல்ல முடியாது. அவள் குறிப்பேட்டில் ஒரு வரி பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

கடை ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்தான். வந்துகொண்டிருந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திச் சாலையைக் கடந்து, மூச்சு வாங்க அதே மேடைக்கு முன்னால் வந்து நின்றார். மௌரீன் எப்படி எடுப்பாள் என்று யோசித்தார். இதே இடத்தில், தள்ளுவண்டியோடு எத்தனை வருஷம் நின்றிருக்கிறார். அவளுடைய முதுகு ஞாபகம் வந்தது, தோளில் தொங்கும் பை ஞாபகம் வந்தது. அவள் கை என்ன செய்தது என்பது வரவே இல்லை. அந்த நேரமெல்லாம் அவர் ஃபோனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை.

தமயந்தி வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளிடம் போனார்.

"எம் மிஸஸ்... குட்டையா, கண்ணாடி போட்டுட்டு. சனிக்கெழம வருவாங்க. அவங்க எப்படிம்மா பப்பாளி எடுப்பாங்க?"

"மௌரீன் அம்மாவா? ரொம்ப நாளா காணமே சார்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அவங்க என்னக் கேக்கவே மாட்டாங்க. அவங்க தூக்கிப் பாத்துட்டு வேணான்னு வெக்கறதே மத்தத விட நல்லா இருக்கும், அதத்தான் நா எடுத்து அடுத்தவங்களுக்கு நல்ல பழம்னு குடுப்பேன். அவங்க கலரெல்லாம் பாக்கமாட்டாங்க சார். கைல தூக்குவாங்க. கனமா இருந்தா காம்புகிட்ட மூக்க வெச்சு மோந்து பாப்பாங்க. அவ்ளோதான்."

"நீயே ஒண்ணு எடுத்துக் குடும்மா."

"எனக்கு ஜலதோஷம் சார் நாலு நாளா. ஒண்ணும் வாசன தெரில."

ஆம்ப்ரோஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். முதல் பழத்தைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் தரை துடைக்கிற ஃபினாயில் வாசனை, அது பழத்துடையதல்ல. பக்கத்தில் ஆப்பிள் எடுத்துக்கொண்டிருந்த பெண் தன் கூடையை அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளிவைத்தாள். அவர் கவனிக்கவில்லை. கனமானதை வலப்பக்கமும் லேசானதை இடப்பக்கமுமாகப் பிரித்தார், பழைய பழக்கம். வலப்பக்கம் நான்கு சேர்ந்தன. அவற்றில் ஒன்று பார்க்கச் சகிக்காது. ஒரு பக்கம் பச்சைக் கோடு, இன்னொரு பக்கம் கறுப்புப் பொட்டுகள், அடியில் சுருக்கம். ட்ரேயில் வந்திருந்தால் தொடாமலே தள்ளியிருப்பார். அதன் காம்பில் மூக்கை வைத்தபோது உள்ளேயிருந்து வாசனை வந்தது. சந்தேகத்தில் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார், வந்தது. கட்டை விரலால் காம்போரம் அழுத்தினார். விரல் லேசாகப் பதிந்தது.

மமதா வந்தபோது ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. பழத்தைக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்து ஆம்ப்ரோஸ் இரண்டாக வெட்டியிருந்தார். மிக்ஸி வேண்டியிருக்கவில்லை, கரண்டி பட்ட இடமெல்லாம் மசிந்தது. உள்ளே நல்ல செந்நிறம். இந்த முறை அவர் ஒரு துளி எடுத்து வாயில் போட்டுப் பார்த்திருந்தார். ஆனாலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவர் ருசியை நம்பி அந்த வீட்டில் எந்த முடிவும் எடுத்ததில்லை.

மௌரீன் வாயைத் திறக்க மறுத்தாள். மமதா ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். அவர் கரண்டியை வாங்கி மௌரீனின் மூக்குக்குக் கீழே, குழாய் ஒட்டாத பக்கமாகப் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உதடுகள் பிரிந்தன.

"நுங்கி அம்மா, முழுங்குங்க" என்றாள் மமதா.

மௌரீன் முழுங்கவில்லை. துப்பவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தின் ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். வாய் ஓரத்தில் ஒரு சொட்டு கசிந்தது. அது நாக்கு தள்ளியதா தானாக வழிந்ததா என்று ஆம்ப்ரோஸுக்குத் தெரியவில்லை. அவரால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொண்டைமேல் இருந்த மமதாவின் இரண்டு விரல்களை மட்டும் பார்த்தார். அவை அசையாமல் இருந்தன. வெகு நேரம் அசையாமல் இருந்தன. பிறகு இரண்டும் மேலே ஏறி இறங்கின.

மமதா இருமலுக்காகக் காத்திருந்தாள். இருமல் வரவில்லை.

"ஒண்ணு" என்றாள். "இன்னும் ரெண்டு சார்."

ஆம்ப்ரோஸ் பழத்தின் பக்கம் திரும்பினார். தோலோரத்தை விட்டுவிட்டு, நடுவில் விதைக்கு ஒட்டினாற்போல் இருந்த செக்கச்செவேலென்ற இடமாகப் பார்த்துக் கரண்டியை இறக்கினார். பாதி சரிந்து விழுந்தது, மறுபடி எடுத்தார். கரண்டி நிரம்புவதற்குள் மௌரீன் வாயைத் திறந்து வைத்திருந்தாள்.