பன்னிரண்டு வோல்ட்

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். பேராவூரணியில் மைக் செட் கடை வைத்திருக்கும் ஜெக்கரியா பாய்க்கு இராஜாங்கம் தரவேண்டிய பாக்கி அது. போன வருஷம் "பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி வையிய்யா" என்று சொல்லிவிட்டு பாய் தொழுகைக்குப் போனார். வயலுக்குத் தண்ணீர் கட்டியே பழகின ஆள் இராஜாங்கம். பம்புசெட்டில் ஒரு குடம் பிடித்து வந்து ஆறு ஓட்டையிலும் வழிய வழிய ஊற்றிவிட்டான். பேட்டரித் தண்ணீர் என்று பாட்டிலில் தனியாக விற்பது அவனுக்கு என்ன தெரியும்? "செத்துப்போச்சு, இனிமே காயலான் கடைக்குத்தான்" என்று பாய் நோட்டில் மூவாயிரம் எழுதினார். கல்யாணம், காதுகுத்து என்று ஸ்பீக்கர் தூக்கிய கூலியில் தடவைக்கு அறுபது பிடித்து, பதினோரு தடவையில் குறைந்தது அறுநூற்று அறுபதுதான்.

இந்த வருஷம் குறுவைக்கு ஆற்றில் தண்ணீரே இல்லை. மனைவி செவ்வந்தி மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் இரண்டு மாதமாகிறது. அங்கேயே புருஷனுக்கும் ஒரு வேலை சொல்லி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் ஓட்டு கார்டோடு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். அந்தக் கார்டு கடனுக்கு ஈடாகப் பாயின் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது. அன்று சனிக்கிழமை.

அன்று மதியம்தான் பாயின் உறவுக்காரர் லியாகத் அலி மகன் ஜாஹித் கடைக்கு வந்தான். சார்ஜாவிலிருந்து லீவில் வந்தவன், ரிமோட்டில் பறக்கிற தெர்மாகோல் விமானம் ஒன்று கொண்டுவந்திருந்தான். அதன் மூக்கில் கேமரா. அது அனுப்பும் படத்தைத் தரையில் பிடிக்க ஒரு ரிசீவர், பார்க்க ஒரு குட்டி டி.வி.

"ரெண்டுக்கும் பன்னெண்டு வோல்ட் வேணும் மாமா. கொண்டாந்த பேட்டரி ஊதிப்போச்சு. வீட்டுல பதினாலு மணி நேரம் கரண்டு இல்ல. இருந்தாலும் வயலுக்கு ஒயர் இழுக்க முடியுமா?"

"மைக் செட் பேட்டரி இருக்கு மாப்ள. எரநூறு வாடக. இராஜாங்கம், ஏத்துய்யா."

சைக்கிள் கேரியரில் பேட்டரியைக் கட்டித் தள்ளிக்கொண்டு போகும்போது, வியர்த்த கை பட்டுப் பட்டுப் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கர் ஒரு முனையில் கிளம்பியது. அடியில் ஆணியால் கீறிய எழுத்து. இராஜாங்கம் சைக்கிளை நிறுத்திவிட்டான். 'இறாசா.' நாற்பத்தைந்து வயதில் மகளிடம் எழுத்துப் படித்த புதிதில், எது சின்ன ர, எது பெரிய ற என்று பிடிபடாத நாளில், கண்ட இடத்திலெல்லாம் அவன் கிறுக்கிய பெயர். காயலான் கடைக்குப் போன பேட்டரி!

உடனே கத்த வாய் வந்தது. அடக்கிக்கொண்டான். இப்போது கேட்டால் 'செத்ததுதான், சும்மா ஒப்புக்கு வச்சிருக்கேன்' என்று பாய் மழுப்பிவிடுவார். ஓடட்டும். ஓடினால் கடன் பொய். நடுவில் படுத்தால் கடன் மெய், விமானம் விழுந்த பழியும் தன் தலையில். ஸ்டிக்கரை எச்சில் தொட்டுத் திரும்ப ஒட்டினான்.

அறுப்பு காணாத வயலில் ஜாஹித் பேட்டரியில் ஒயர்களைக் கவ்வவிட்டான். வேடிக்கை பார்க்கப் பாயும் வந்திருந்தார். டி.வி. ஓரத்தில் பன்னிரண்டு புள்ளி மூன்று என்று எண் வந்தது. விமானம் எழும்பியது. வாய்க்கால், தென்னந்தோப்பு, பள்ளிவாசல் எல்லாம் திரையில் சின்னதாகச் சுழன்றன. இராஜாங்கம் எதையும் பார்க்கவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், துண்டை உதறினான். பன்னிரண்டு. பதினொன்று புள்ளி எட்டு.

"ஏன்யா கட்டெறும்பு கடிச்ச மாதிரி நிக்கிற?" என்றார் பாய்.

"ஒண்ணுமில்ல பாய்."

பதினொன்று புள்ளி நாலு. திடீரென்று படம் முழுக்கக் கோடு கோடாக ஓடியது.

"அண்ணே, படம் போவுது! எங்க இருக்குன்னே தெரியல!" என்று ஜாஹித் கத்தினான்.

"பேட்டரியில கோளாறு ஒண்ணும் இருக்காது மாப்ள, உன் கேமராவப் பாரு" என்று பாய் முந்திக்கொண்டார்.

இராஜாங்கம் அப்போதுதான் படத்தைப் பார்த்தான். இந்தக் கோடு அவனுக்குப் புதிதில்லை. ஆம்ப்ளிஃபயர் ஓடுகிற பேட்டரியில் எவனாவது செல்போன் சார்ஜரைச் சொருகினால் ஸ்பீக்கர் 'உர்ர்ர்' என்று உறுமுமே, அதே கோளாறுதான் கண்ணுக்குத் தெரிகிறது. குனிந்து பார்த்தான். பேட்டரிக்குப் பின்னால் பாயின் செல்போன் சமர்த்தாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பவர் கட்டில் எங்கே பேட்டரியைக் கண்டாலும் செல்லை மாட்டிவிடுகிற ஊர்ப் புத்தி. பிடுங்கி எறிந்தான்.

"யோவ், என் போனு!"

கோடுகள் மறைந்தன. திரையில் தென்னை மட்டை முகத்துக்கு நேரே வந்தது. ஜாஹித் வெட்டித் திருப்பினான். இன்னும் கால் மணி நேரம் சுற்றிவிட்டு விமானம் காய்ந்த புல் மேல் வந்து உட்கார்ந்தது. எண் பதினொன்று புள்ளி இரண்டில் நின்றது.

"செம பேட்டரி மாமா! எப்ப வாங்கினது?"

"நாலு வருசமாவுது. கல்லு மாதிரி. ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல" என்று பாய் மார்தட்டினார்.

இராஜாங்கம் ஸ்டிக்கரை ஒரே இழுப்பாக உரித்தான்.

ஜாஹித் குனிந்து படித்தான். "இறாசா... யாருண்ணே இது?"

"நாந்தான் தம்பி. போன வருசம் நான் கொன்ன பேட்டரி. பாய் காயலான் கடையில போட்டுட்டாரு. எப்புடியோ நடந்து வந்துடுச்சு."

ஜாஹித் சிரிக்கவில்லை. பாயைப் பார்த்தான். பாய் செல்லில் ஒட்டிய மண்ணைத் தட்டித் தட்டித் துடைத்தார்.

"ஆசிட்ட மாத்தி, சார்ஜ் ஏத்திப் பாத்தேன். உசுரு வந்துச்சு. சொல்லணும்னுதான்..."

"ஒரு வருசமாவா மாமா?"

கடைக்கு வந்ததும் பாய் நோட்டை எடுத்தார். "அடிச்சுடுறேன்யா."

"குடுங்க, நானே அடிக்கிறேன்."

தன் பெயர் இருந்த வரியை விரல் வைத்துத் தேடி, பேனாவை அழுத்திக் கோடு போட்டான். அடுத்த தாள்வரை கிழிந்தது.

"பிடிச்ச அறுநூத்தி அறுபது?" என்று நோட்டை எட்டிப் பார்த்து ஜாஹித் கேட்டான்.

பாய் கல்லாவுக்குள் கையை விட்டார். இராஜாங்கம் தலையசைத்தான்.

"அது இருக்கட்டும் தம்பி. போர் தண்ணி ஊத்துனது நாந்தான, ஆசிட்டு மாத்துன கூலின்னு வச்சுக்கட்டும். இன்னைக்குத் தூக்குனதுக்கு அறுபதும், என் கார்டும் குடுங்க பாய். பஸ்ஸ விட்டுடப் போறேன்."