கூடவே வந்த தலையணை

பயாப்சிக்கான ஒப்புதல் படிவத்தில் இரண்டு கோடுகள் இருந்தன, அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. தையற்காரி தன் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மற்றதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் போட வேண்டியவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. துணைக்கு வந்து உட்காரவும் ஆளில்லை.

மகளுக்கு ஏழு வயது. ஆறு மாதமாக இருமல், நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு. ஸ்கேன், ரத்தம், தொண்டைக்குள் குழாய் என்று எல்லாம் பார்த்தாயிற்று. நோய் பிடி கொடுக்கவில்லை. வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா என்று முதல் நாளே கேட்டார்கள். காக்காய்க்குக்கூட ஜன்னல் திறப்பதில்லை என்றாள். பறவைத் தூசு ஒத்துக்கொள்ளாத நோயாக இருந்தால் வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த இந்த இரண்டு வாரத்தில் குறைந்திருக்குமே என்று டாக்டரும் அதை ஒதுக்கிவிட்டார். கடைசியில், விலா இடுக்கில் துளை போட்டு நுரையீரலில் நகத்தளவு சதை எடுப்பதுதான் வழி என்றார். அப்போதும் பதில் கிடைக்காமல் போகலாம் என்பதை ஒளிக்கவில்லை. பிள்ளையைக் கிழித்தும் ஒன்றும் தெரியாமல் போனால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே படிவத்தை நீட்டினாள்.

சதை எடுத்த ஆறாம் நாள் டாக்டர் முடிவோடு கட்டிலருகே வந்தார். பறவைதான், சதை காட்டிக்கொடுத்துவிட்டது என்றார். அவள் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தாள். அவர் தூங்கும் பிள்ளை கட்டிப்பிடித்திருந்ததைப் பார்த்தார்.

"இது ஆஸ்பத்திரித் தலையணை இல்லையே. உள்ள என்னம்மா இருக்கு?"

"இறகு. நான்தான் தச்சேன். அவ அப்பாவோடது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பறவை என்றால் கூண்டில் கத்துவது என்று இருந்துவிட்டாள், புத்திசாலி. அப்பாவைக் கேட்டு அழுத பிள்ளைக்கு அதைக் கொடுத்தவள் அவள். வாசனை போய்விடும் என்று துவைக்காமல் வைத்தவளும் அவள்தான். ஆஸ்பத்திரிக்கும் மறக்காமல் தூக்கி வந்திருந்தாள்.

பிள்ளைக்கு மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டாள். தலையணையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவதற்கு முன் ஒரு தடவை முகம் புதைத்தாள். மகளுக்கு விட்டுக்கொடுத்த பிறகு அவள் அதில் தலை வைத்ததே இல்லை. பிறகு இறுக்கிக் கட்டிக் குப்பையில் போட்டாள்.

மருந்தும் கொடுத்தார்கள். பத்து நாளில் மகள் இரைப்பில்லாமல் வராந்தாவைச் சுற்றி வந்தாள். வந்தவள் மறுபடி தலையணையைக் கேட்டாள்.

"நான்தான் தொலைச்சுட்டேன்டி."

"நீ எதையும் பத்திரமா வச்சுக்க மாட்ட," என்று மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தையற்காரி ஸ்டூலில் உட்கார்ந்து, திணறாமல் ஏறி இறங்கும் அந்தச் சின்ன முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.